சேதுநாட்டுக் கட்டடக்கலையும் கீழக்கரையும்

இலக்கிய வரலாற்றை ஏட்டில் பயிலும் நாம், அவ்விலக்கியம் வளர்ந்த ஊரின் கட்டடங்களை உற்று நோக்குவதில்லை. உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டிய வள்ளல் சீதக்காதியை அறிவோம். கீழக்கரையில் அவர் எழுப்பிய ஜும்ஆப் பள்ளியின் தூண்களை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்?

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேதுநாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி. போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்திற்கு மாற்றிக் கோட்டை அமைத்தவர் அவரே. அங்குள்ள இராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவரோவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தவை. இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகாரம் அந்நூற்றாண்டிலேயே முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவுற்றது. அதன் தூண்கள் 1,212 என்பர்.

கிழவன் சேதுபதியின் நண்பர் சீதக்காதி. அவர் எழுப்பிய பள்ளியில் கோயில் மண்டபத்தை ஒத்த கல் தூண்களையும், அவற்றின்மேல் போதிகைகளையும், தட்டையான கற்கூரையையும் காண்கிறோம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கோயில் தூண்களில் உருவச் சிற்பங்கள் நிற்கும். பள்ளியின் தூண்களிலோ பூவும் கொடியுமே அணி செய்யும். திராவிடக் கல்தச்சு மரபு, தன் இலக்கணம் மாறாமல், இஸ்லாமிய நெறிக்கு இசைந்து நின்றதற்கு இது சான்றாகும்.

அரசரும் வள்ளல்களும் கல்லால் கட்டினர். கடலோர மக்களுக்கோ கடலே கல் தந்தது. பவளப்பாறைக் கல்லை வெட்டிச் சுவர் எழுப்பினர். அதையே காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பூசினர். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்களில் இக்கல்லை இன்றும் வெளிப்படையாகக் காணலாம்.

இனி அக்கல் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. கடலின் உயிர்வளம் காக்க இது இன்றியமையாதது. ஆதலின் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பழைய சுவரும் மீண்டும் கட்ட இயலாத ஒன்றாகும்.

அதைக் காப்பதாக எண்ணி நாமே கெடுப்பதும் உண்டு. பவளக்கல் நுண்துளைகள் நிறைந்தது; ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியேற விடும். சிமெண்டுப் பூச்சோ அதனை உள்ளேயே அடைத்துவிடும். உப்பு உறைந்து கல் உள்ளிருந்தே உதிரும். கல் தூண்களுக்கு எண்ணெய் வண்ணம் தீட்டினால் உளியின் நுட்பம் மறையும்.

1984இல் முகம்மது சதக் பொறியியல் கல்லூரியும், 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும் தோன்றியதால் கீழக்கரை இன்று கல்வி நகரம். இங்குக் கட்டட அளவை பயிலும் மாணவருக்கும் தமிழ் பயிலும் மாணவருக்கும் பழைய பள்ளிகளும் வீடுகளுமே பாடநூல்கள். பழைய கட்டடம் ஒன்றை மாற்றியமைக்க முற்படும் பெரியோர்களை நாம் வேண்டுவது இதுவே: இடிக்கும் முன் அதை அளந்து வரையவும் படம் எடுக்கவும் மாணவரை அழையுங்கள், பூசும் முன் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைக் கலந்து கொள்ளுங்கள். சீதக்காதி புலவரைப் போற்றியதால் காப்பியம் வாழ்கிறது. அவர் எழுப்பிய கல்லும் வாழ வேண்டுமெனில் போற்ற வேண்டியவர் நாமே.