குறியெதிர்ப்பையும் மொய்வாக்கும்: தமிழ் வலைப்பதிவர்களின் பரிமாற்றப் பகிர்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் வலைப்பதிவர்கள் ஒருவர் எழுத்துக்கு மற்றவர் கைம்மாறு கருதி வாக்களிப்பதையும் மறுமொழி இடுவதையும் 'மொய்' என்று தாமே கேலியாகக் குறித்தனர். அக்கேலிச் சொல்லை ஒரு விளக்கக் கருவியாகக் கொண்டு, அவ்வழக்கம் எழுதுவோருக்கு எவ்வாறு துணைநின்றது, வாசகரை எவ்வாறு பாதித்தது என்பதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: வலைப்பதிவு, திரட்டி, மொய், குறியெதிர்ப்பை, பரிமாற்றப் பகிர்வு

முன்னுரை

2003ஆம் ஆண்டளவில் தமிழில் வலைப்பதிவுகள் தோன்றத் தொடங்கின. இதழாசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் எவரும் எழுதி வெளியிடலாம் என்னும் நிலை கைகூடியது. ஆயின் வெளியிடுதல் எளிதானபோது படிக்கப்படுதல் அரிதாயிற்று. அச்சிதழ் தனக்கென ஒரு வாசகர் திரளை ஏற்கெனவே வைத்திருக்கும். புதிய வலைப்பதிவருக்கு அத்தகைய திரள் ஏதுமில்லை. இக்குறையைத் தீர்க்க வந்தவையே திரட்டிகள். காசி ஆறுமுகம் 2004இல் உருவாக்கிய தமிழ்மணமும், அதன் பின் வந்த தேன்கூடு, தமிழ்வெளி, தமிழிஷ் (பின்னர் இன்ட்லி) முதலியனவும் சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே முகப்பில் காட்டின.

அம்முகப்பில் இடம் சிறிது. புதிய இடுகை ஒன்று வந்தால் பழையது கீழிறங்கும். எனவே எது மேலே நிற்கும் என்பதனை வாக்கு, மறுமொழி, சொடுக்கு ஆகியவற்றின் எண்ணிக்கை தீர்மானித்தது. அந்த எண்ணிக்கையை யார் தருவது என்ற வினாவுக்கு நடைமுறையில் கிடைத்த விடை, சக பதிவர்கள் என்பதாகும். அக்காலத்தில் மறுமொழி இடுவோருள் பெரும்பாலோர் தாமும் பதிவு எழுதுவோராகவே இருந்தனர்.

திரட்டியின் அமைப்பும் பதிவரின் பழக்கமும்

தமிழ்மணத்தில் அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. ஓர் இடுகைக்கு ஒரு மறுமொழி வந்தாலே அது மீண்டும் முகப்பில் தோன்றும். இதன் விளைவாக, உள்ளடக்கத்துக்குத் தொடர்பற்ற அரட்டையை அடுக்கி இடுகையை மேலே நிறுத்தும் 'கும்மி' என்னும் வழக்கம் உருவாயிற்று. அதனைக் கட்டுப்படுத்தப் பின்னூட்ட உயரெல்லை கொண்டுவரப்பட்டது. வாசகர் பரிந்துரைக்கான வாக்குப்பட்டையும் இவ்வாறே பயன்பட்டது. பரிந்துரைப் பட்டியலில் இடம்பெறச் சில வாக்குகளே போதுமானவையாக இருந்தமையால், ஒருவர்க்கொருவர் வாக்களிக்கும் பத்துப் பேர் சேர்ந்தால் அப்பட்டியலை அவர்களே நிரப்பிவிட இயலும்.

அக்காலப் பதிவுகளின் மறுமொழிகளில் 'த.ம. 1', 'த.ம. 4' என்னும் குறிப்புகளைக் காணலாம். தமிழ்மணத்தில் வாக்களித்தாயிற்று, தம்முடையது இத்தனையாவது வாக்கு என்பது அவற்றின் பொருள். தேர்தல்களில் வாக்கு பொதுவாக மறைவாக அளிக்கப்படுவது. இங்கோ அது அளித்தவர் பெயருடன் அறிவிக்கப்பட்டது. அறிவித்தால் அது யாரிடமிருந்து வந்தது என்று பதிவருக்கு உடனே தெரியும்; தெரிந்தால் திருப்பிச் செய்யவும் இயலும். இத்தகைய குறிப்புகளுக்கு மொய் நோட்டின் சாயல் வந்தது அதனால்தான். 'மொய்' என்று பெயரிட்ட பதிவர் எவராயினும் அவர் நகைச்சுவைக்காக மட்டும் அதனைச் சொல்லியிருக்க மாட்டார்.

கைம்மாறு குறித்த இரு கருத்துகள்

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் கொடை பற்றிய தம் கட்டுரையில் (1925) கொடுத்தல், ஏற்றல், திருப்பியளித்தல் ஆகிய மூன்றும் கடப்பாடுகள் என்று காட்டினார். தன் விருப்பாகத் தோன்றும் கொடைக்குப் பின்னும் சமூகத்தின் வற்புறுத்தல் உண்டு என்பது அவரது கருத்து. பதிவுலகின் பரிமாற்றத்தை விளக்க இது பெரிதும் உதவும். எனினும் இன்னும் நுட்பமான ஒரு வேறுபாட்டைத் தமிழ் மரபு முன்பே சொல்லாட்சியில் வைத்திருக்கிறது. அளவு குறித்துப் பெற்று அதே அளவில் திருப்பித் தருவது குறியெதிர்ப்பை எனப்பட்டது. புறநானூற்றின் 163ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார், தாம் பெற்றுவந்த பரிசிலைப் பலருக்கும் வழங்குமாறு மனைவியிடம் கூறுகையில், முன்பு இவ்வாறு கடனுதவியோரையும் நினைவுகூர்கிறார். திருக்குறளின் ஈகை அதிகாரமோ வறியோர்க்கு வழங்குவதை மட்டும் ஈகை என்று பிரித்து, ஏனையவற்றைக் குறியெதிர்ப்பையின் பாற்படுத்துகிறது.

குறியெதிர்ப்பையைக் குற்றம் என்று அக்குறள் கூறவில்லை; ஈகை என்னும் பெயரை மட்டுமே அதற்கு மறுக்கிறது. பரிமாற்றப் பகிர்வு பற்றிய பதிவர்களின் வாதங்களில் பெரும்பாலும் தவறவிடப்பட்டது இந்த நிதானமே. ஒரு சாரார் அதனை நட்பு என்றனர். மறுசாரார் ஏமாற்று என்றனர்.

பயன்கள்

முதல் இடுகையை வெளியிட்ட ஒருவர் மறுமொழியே இன்றி மூன்று வாரங்கள் எழுதினால் நான்காம் வாரம் எழுதுவது ஐயமே. அவருக்கு வரும் முதல் 'தொடருங்கள்' என்னும் ஒற்றைச் சொல், அது கைம்மாறு கருதி வந்ததாயினும், எழுத்தை நிற்காமல் காக்கிறது. ஊதியமோ பதிப்பகமோ திறனாய்வோ இல்லாத ஒரு களத்தில், அயல்நாட்டில் தனித்து வாழ்வோரும் பணி ஓய்வு பெற்றோரும் இல்லத்தரசியரும் தொடர்ந்து எழுதியதற்கு இப்பரிமாற்றம் தந்த ஊக்கம் ஒரு முதன்மைக் காரணம் எனக் கொள்ளலாம். மேலும், திருப்பி வாக்களிக்கச் சென்றவர் தற்செயலாகப் படித்துத் தம் வாழ்நாளில் தேடிச் செல்லாத பொருள்களை அறிந்ததும் உண்டு. கடனுக்காக வந்தவர் வாசகராகி நின்றதனைச் சிறு பயனாகக் கருதுவதற்கில்லை.

நேரக் கணக்கு

இவ்வழக்கம் பிறழ்வதற்குப் பதிவர்களின் ஒழுக்கக் குறையைக் காரணமாகச் சொல்வது எளிது; ஆயின் ஓர் எளிய பெருக்கற்கணக்கே அதனைக் கூடுதலாக விளக்கும். பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் வாரத்துக்கு மூன்று இடுகைகள் எழுதுவதாகக் கொள்வோம். ஒருவர் படிக்க வேண்டியவை 27. ஒன்றுக்குப் பத்து நிமிடம் எனில் வாரத்துக்கு நாலரை மணி நேரம். குழு இருபதாக விரிந்தால் 57 இடுகைகள், ஒன்பதரை மணி நேரம். குழு வளர வளர ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வாக்கு கூடுகிறது. படிப்பதற்கான நேரமோ கூடுவதில்லை. முதலில் கைவிடப்படுவது வாசிப்பு. சொடுக்கினால் முடிந்துவிடும் என்பதனால் வாக்கு எஞ்சி நிற்கிறது. 'அருமையான பதிவு', 'பகிர்வுக்கு நன்றி' ஆகிய எந்த இடுகைக்கும் பொருந்தும் மறுமொழிகள் பெருகியதன் பின்னணி இதுவே. இரங்கல் குறிப்புக்கும் 'அருமை' என்று மறுமொழி வர இவ்வழக்கில் வாய்ப்புண்டு.

மறுப்புரைக்கு இடம் குறைந்ததும் இதனோடு சேர்ந்தது. வாரந்தோறும் தமக்கு வாக்களிப்பவரின் கட்டுரையில் ஆண்டு பிழையாக இருப்பதை ஒருவர் காண்கிறார். சுட்டினால் நட்பு கெடுமோ என்னும் தயக்கத்தில் பிழை அப்படியே நிற்கிறது. பலர் அதனை எடுத்தாள்கின்றனர். எதிர்வாக்கு வசதியும் இதற்கு மாற்றாகவில்லை. 'மைனஸ் ஓட்டு' பெரும்பாலும் எழுத்தின்மீதான தீர்ப்பாகக் கொள்ளப்படவில்லை. பகையின் அடையாளமாகவே கொள்ளப்பட்டு, அதற்கும் கைம்மாறு தேடப்பட்டது.

மூன்றாமவர்

மொய்யோடு ஒப்பிடுவது ஓரிடத்தில் முறிகிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் ஆடி மாதத்தையொட்டி நடைபெறும் மொய் விருந்தில் எழுதப்படும் தொகை யாரிடமிருந்து வந்தாலும் தொகையே. ஆயிரம் ரூபாய் எழுதியவர் மனமுவந்து எழுதினாரா, பழைய கடனுக்காக எழுதினாரா என்பதனால் அதன் மதிப்பு மாறுவதில்லை. பெற்றவரும் தந்தவரும் தவிர வேறெவரும் அதனால் ஏமாறுவதுமில்லை. வாக்கின் இயல்பு வேறு. அது இருவருக்கிடையே கைமாறினும், 'இது படிக்கத்தக்கது' என்று மூன்றாம் ஒருவருக்குச் சொல்லப்படும் சான்றுரையாகவே முகப்பில் நிற்கிறது. பதிவர் எவரையும் அறியாமல் பட்டியலை நம்பி வந்த வாசகரே அந்த மூன்றாமவர். குழுவைச் சாராத புதிய எழுத்தாளரும் அவ்வாறே பாதிக்கப்படுகிறார். நல்ல இடுகை எழுதியும் திருப்பிச் செய்ய ஆளில்லாமையால் அவர் கீழிறங்குகிறார்.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிற தளங்களின் இணைப்புகளைப் பரிந்துரையாகக் கொண்டு தரவரிசை அமைத்த கூகுள், 'எனக்கு நீ, உனக்கு நான்' என்னும் மிகையான இணைப்புப் பரிமாற்றத்தைத் தன் நெறிமுறைகளில் விதிமீறலாகக் குறித்தது; 2012 ஏப்ரலில் வெளியிட்ட பெங்குவின் மாற்றம் செயற்கை இணைப்புகளின் பயனைக் குறைத்தது. விருப்பக்குறியும் பகிர்வும் கேட்டுக் கெஞ்சும் இடுகைகளைப் பின்தள்ளுவதாக 2017 டிசம்பரில் ஃபேஸ்புக் அறிவித்தது. ஆயின் 2018 ஜனவரியில் அதே நிறுவனம் நண்பர், உறவினரிடையேயான ஊடாட்டத்துக்கு முன்னுரிமை என்றது. பதிவர்கள் பலர் அதற்குள் அங்குக் குடிபெயர்ந்திருந்தனர். அறிந்தோர் வட்டத்துள் மாறி மாறி இடப்படும் விருப்பக்குறி, எழுத்தை அந்த வட்டத்துக்கே மீண்டும் காட்டுவதற்கு ஏதுவாகும். வெளிவாசகரைத் தேடிச் செய்யப்படும் பரிமாற்றம் உள்வாசகரையே திருப்பித் தருவது இதன் முரண்.

பதிவுலகிலேயே வேறொரு வழியும் இருந்தது. வலைச்சரம் என்னும் பதிவில் வாரத்துக்கு ஒருவர் ஆசிரியராகப் பொறுப்பேற்றுத் தாம் படித்த பிற பதிவுகளை அறிமுகப்படுத்தினார். நண்பர்களை மட்டும் அறிமுகப்படுத்தும் வாய்ப்பு அங்கும் இருந்தது. எனினும் ஏன் படிக்கலாம் என்று ஓரிரு வரியாவது எழுத வேண்டியிருந்தமையால், படிக்காமல் பரிந்துரைப்பது கடினமாயிற்று. அறிமுகம் பெற்றவர் அந்த ஆசிரியருக்கே உடனே திருப்பிச் செய்ய வேண்டியதில்லை. தம் முறை வரும்போது இன்னொருவரை அறிமுகப்படுத்தலாம்.

திரட்டிகள் பல இன்று இயங்கவில்லை. வாக்குப்பட்டைகள் வெற்றுக் கட்டங்களாகிவிட்டன, மறுமொழிகளில் 'த.ம. 4' மட்டும் எஞ்சியுள்ளது. அக்கால எழுத்தின் வரவேற்பை அளக்க முனையும் ஆய்வாளர் இவ்வெண்களை வாசிப்பின் சான்றாகக் கொண்டால், குழுவாக இயங்கியோரே அக்காலத்தின் முதன்மை எழுத்தாளர்களாக வரலாற்றில் பதிவாவர். பிழையைச் சுட்டிய மறுமொழி, ஒரு பத்தியை மட்டும் எடுத்து மறுத்த எதிர்வினை இடுகை, சில ஆண்டுகள் கழிந்தபின் பதிவரல்லாத ஒருவர் வந்து கேட்ட ஐயம் ஆகியவற்றை எண்ணிக்கையில் அடக்குவது கடினம். ஆயினும் அவை படித்தவரால் மட்டுமே எழுதப்படக் கூடியவை.