ஒரு அட்டவணையைப் பார்த்து இன்னொன்றைத் திருத்துவது

1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது. ராசிபுரம் வட்டமும் அதோடு போனது. வீடு, தெரு, ஊர் எல்லாம் அப்படியே இருக்க, முகவரியில் மாவட்டம் மட்டும் மாறியது.

இப்படியொரு மாற்றம் வந்தால் தரவுத்தளத்தில் என்ன செய்வார்கள்? ஒரு சங்கத்தின் உறுப்பினர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். பெயர், ஊர், வட்டம், மாவட்டம் என்று ஆயிரக்கணக்கான வரிகள். பக்கத்தில் சின்னதாக இன்னொரு அட்டவணை: எந்த வட்டம் எந்த மாவட்டம் என்று மட்டும் சொல்வது. இரண்டிலும் வட்டக் குறியீடு ஒத்துப்போகும் வரிகளைச் சேர்த்து, சின்ன அட்டவணையின் மாவட்டத்தைப் பெரியதில் எழுதச் சொன்னால் போதும். ஒரே கட்டளையில் வேலை முடியும். மைஎஸ்கியூஎல்லில் இதை அப்டேட்டோடு ஜாயின் சேர்த்து எழுதுவார்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் அப்டேட்டோடு ஃப்ரம். ஆரக்கிளில் பெரும்பாலும் மெர்ஜ்.

எதை வைத்துப் பொருத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வட்டக் குறியீட்டுக்குப் பதிலாக, ஓர் ஊர்ப் பட்டியலோடு ஊர்ப் பெயரை வைத்துப் பொருத்தினால் ஆபத்து. புதுப்பட்டிகள் தமிழ்நாட்டில் பல. அதனால்தான் ராசிபுரம் பக்கத்து ஊரை ஆர்.புதுப்பட்டி என்று எழுதுகிறோம். வெறும் 'புதுப்பட்டி' என்று தேடினால் ஒரு உறுப்பினருக்கு நான்கைந்து வரிகள் பொருந்தும். போஸ்ட்கிரெஸ் அவற்றில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும். எதை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மெர்ஜ் பிழை காட்டி நின்றுவிடும். அந்த நிறுத்தம் நல்லதே.

உள்வினவல் (சப்குவரி) வைத்து எழுதும்போது வேறொரு சிக்கல்: இணை கிடைக்காத வரிகளில் இருந்த மாவட்டமும் அழிந்து வெற்றாகிவிடும். பொருத்தம் உள்ள வரிகளை மட்டும் தொடும்படி நிபந்தனை போட வேண்டும்.

ஆகவே முதலில் அதே இணைப்பை செலக்ட் கட்டளையாக ஓட்டி, பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் அருகருகே பாருங்கள், வரிகளை எண்ணுங்கள். பிறகு பரிவர்த்தனைக்குள் மாற்றுங்கள். கணக்கு இடித்தால் ரோல்பேக் செய்துவிடலாம்.

ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுமுறைத் தரவு மாதிரி இன்னும் நல்ல வழிக்கு அடித்தளம் போட்டது. உறுப்பினர் வரியில் வட்டக் குறியீடு மட்டும் இருக்கட்டும். மாவட்டம் வட்ட அட்டவணையிலேயே இருக்கட்டும். அப்போது ராசிபுரத்துக்கு ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும்.