திரைக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் தெரியுமா!

2014 ஏப்ரல் 5, சனிக்கிழமை. நியூயார்க்கில் காலை ஏழரை மணிக்கு கிறிஸ்டீன் ஓபொலைஸின் ஃபோன் அடிக்கிறது. லாட்வியா நாட்டுப் பாடகி அவர். முந்தின இரவு மெட்ரோபாலிட்டன் ஓபராவில் (சுருக்கமாக 'மெட்') 'மதாமா பட்டர்ஃபிளை'யின் நாயகியாகப் பாடி முடித்து, அந்தப் படபடப்பு அடங்காமல் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் கண்ணை மூடியிருக்கிறார். அழைப்பது அரங்கின் தலைமை நிர்வாகி பீட்டர் கெல்ப். இன்று மதியம் 'லா போஹேம்', மிமியாகப் பாட வேண்டியவருக்கு உடம்பு முடியவில்லை, நீங்கள் வந்து பாட முடியுமா என்று கேட்கிறார். முதலில் முடியாது என்றார் ஓபொலைஸ். சில நிமிடங்களில் அவரே திரும்ப அழைத்து, வருகிறேன் என்றார். அன்றைய மதியக் காட்சி பல நாட்டுத் திரையரங்குகளுக்கு நேரலையாகப் போகிற காட்சி வேறு! பட்டர்ஃபிளையும் கடைசியில் சாகிறாள், மிமியும் சாகிறாள். பதினெட்டு மணி நேரத்துக்குள் இரண்டு முறை செத்துப் பிழைத்தார் அந்த மகராசி. மெட்டில் அவருக்கு இரண்டு வேடமுமே முதல் முறை.

எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிற சம்பவம் இது. ஓபரா என்றதும் நம் கண்ணுக்கு வருவது விளக்கு வெளிச்சத்தில் கையை விரித்து நிற்கும் ஒரு நட்சத்திரம். திரைக்கு அந்தப் பக்கம் போனால்தான் தெரிகிறது, அந்த ஒருவர் விழாமலிருக்க எத்தனை பேர் கையைக் கோத்து நிற்கிறார்கள் என்று. வாருங்கள், பின்வாசல் வழியாகவே நுழைவோம்.

முதலில் 'கவர்' என்று அழைக்கப்படுகிறவர்கள். ஒவ்வொரு முக்கிய வேடத்துக்கும் முழுப் பாடத்தையும் நெட்டுருப் போட்டு, ஒத்திகை பார்த்து, எங்கே நிற்பது எப்போது திரும்புவது என்பதுவரை தெரிந்து வைத்திருக்கும் இன்னொரு பாடகர் உண்டு. காட்சி நாட்களில் அவர் அழைத்தவுடன் வந்துசேரும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலான இரவுகளில் அந்த அழைப்பு வராது. வந்தாலோ, வாழ்க்கை மாறிவிடும்! 2006 டிசம்பரில் மிலான் நகரின் லா ஸ்காலாவில் 'ஐடா'. புகழ்பெற்ற டெனர் (உயர்ந்த ஆண்குரல் பாடகர்) ராபர்ட்டோ அலான்யா முதல் பாட்டைப் பாடி முடித்ததும் மேல்மாடத்திலிருந்து சிலர் கூச்சலிட்டார்கள். அவர் விறுவிறுவென்று மேடையை விட்டு வெளியேறிவிட்டார். இசை நிற்கவில்லை. அடுத்த காட்சிக்கு வந்த பாடகி எதிரே ஆளில்லாமல் தனியே நிற்கிறார். கவராக இருந்த அந்தோனெல்லோ பலோம்பியைப் பக்கத்திலிருந்து மேடைக்குள் தள்ளினார்கள். எகிப்தியப் படைத்தலைவனாக அவர் வந்து நின்ற கோலம்: கறுப்புச் சட்டை, ஜீன்ஸ். உடை மாற்றக்கூட நேரமில்லை. அப்படியே பாடினார்!

கவரும் படுத்துவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. 1959 டிசம்பர் 28, மெட்டில் வாக்னரின் 'டிரிஸ்டனும் இசோல்டேவும்'. இசோல்டேவாக ஸ்வீடனின் பிர்கிட் நீல்சன். அவர் மெட்டில் அறிமுகமாகிப் பத்து நாள்தான் ஆகிறது, ஊரே அவர் பேச்சாக இருக்கிறது. டிரிஸ்டன் பாடக்கூடிய டெனர்கள் மூன்று பேர். மூவருக்கும் உடம்பு சரியில்லை. அன்றைய நிர்வாகி ருடால்ஃப் பிங் மூவரிடமும் தனித்தனியே பேசினார். முழுவதும் பாட உங்களால் முடியாது, சரி, ஒரே ஒரு அங்கம் மட்டும் பாட முடியுமா? முடியும் என்றார்கள். அன்றிரவு ஒரே இசோல்டேவுக்கு மூன்று டிரிஸ்டன்கள், அங்கத்துக்கு ஒருவர். பிங் திரைக்கு முன்னால் வந்து விஷயத்தைச் சொல்ல, சபை சிரித்து ஆரவாரம் செய்தது. நீல்சனோ மூன்று அங்கங்களையும் தானே பாடினார்.

ஏன் இவ்வளவு பதற்றம்? மைக் கிடையாது, அதனால்தான். மெட்டில் ஏறத்தாழ 3,800 இருக்கைகள். எதிரே முழு ஆர்கெஸ்ட்ரா. இரண்டு சின்னக் குரல்நாண்களை நம்பித்தான் மேடையேறுகிறார் பாடகர். டெனரின் உச்ச 'சி' ஸ்வரத்துக்கு அவை நொடிக்கு 523 முறை அதிர வேண்டும். மோசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் இரவின் ராணி எட்டிப் பிடிக்கும் ஸ்வரத்துக்குச் சுமார் 1,400 முறை. 2017இல் தாமஸ் அடேஸின் 'தி எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' ஓபராவில் ஆட்ரி லூனா அதையும் தாண்டிப் போனார், 1,760! மெட்டின் வரலாற்றில் யாரும் பாடியிராத உயரம் அது.

எண்பது வாத்தியங்களுக்கு மேல் ஒரு தொண்டை எப்படிக் கேட்கிறது என்பதற்கு ஸ்வீடன் விஞ்ஞானி யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் அருமையான விளக்கம் தந்தார். ஆர்கெஸ்ட்ராவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில்தான் மிகப் பலமாக இருக்கும், அதற்கு மேலே போகப் போகத் தேயும். தேர்ந்த டெனரோ, அதைவிடத் தாழ்ந்த ஆண்குரலான பாரிடோனோ குரல்வளையைத் தாழ்த்தி, தொண்டையின் வடிவத்தை மாற்றி, 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தன் குரலுக்கு ஒரு தனிச் சுடரை ஏற்றிவிடுகிறார். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்த இடத்தைத்தான். வாத்தியங்கள் காலியாக விட்ட ஜன்னல் வழியே குரல் வெளியே வருகிறது! இதைப் பழக ஆண்டுக்கணக்கில் ஆகும். வாக்னர் பாடும் கனமான குரல் பலருக்கு முப்பது வயதைத் தாண்டித்தான் பழுக்கும். லேசான குரல்கள் சீக்கிரமே மேடை ஏறலாம். இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த பறங்கியர் குடும்பத்தின் மகள் டேனியல் டி நீஸ் 1998இல் மெட் மேடையில் 'ஃபிகாரோவின் திருமண'த்தில் பார்பரினாவாக நின்றபோது அவருக்கு வயது பத்தொன்பது.

குரல் இவ்வளவு பாடுபட்டுப் பழுப்பது என்பதால்தான் ஒத்திகையில் போய் உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். பெரிய பாடகர்கள் பாதிக் குரலில், உச்ச ஸ்வரங்களைக் கீழ்ஸ்தாயியில் இறக்கி, முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு 'மார்க்கிங்' என்று பெயர். குரலைச் சேமித்து வைக்கிறார்கள். நம்பிக்கைகளும் உண்டு. டெனர் பவரொட்டி மேடைக்குப் பின்னால் வளைந்த ஆணி ஒன்றைத் தேடுவார். கிடைத்தால்தான் நிம்மதி. அவ்வளவு பெரிய மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கும் காட்சியை நினைத்தாலே அவர்மேல் எனக்குப் பாசம் கூடிவிடுகிறது.

இப்போது மேடையின் முன்விளிம்புக்கு வாருங்கள். நடுவில் ஒரு சின்னக் கூடு தெரிகிறதா? சபைக்கு அதன் முதுகுதான் தெரியும். உள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ப்ராம்ப்டர், அடி எடுத்துக் கொடுப்பவர். பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு தாளத்துக்கு முன்பே அடுத்த வரியின் முதல் சொல்லைச் சொல்கிறார். கையால் நுழைவைக் காட்டுகிறார். இன்று இத்தாலியன், நாளை ஜெர்மன், மறுநாள் ரஷ்யன் அல்லது செக். பியானோவில் முழு ஓபராவையும் வாசிக்கத் தெரிந்த, மொழிகளில் ஊறிய இசைஞர்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். மெட்டில் ஜோன் டோர்னமன் பல ஆண்டுகள் இந்தக் கூட்டில் இருந்தவர். பெரிய பெரிய பாடகர்களுக்குப் பயிற்சி தந்தவரும் அவரே. மேடையில் எல்லாவற்றையும் மறந்து நிற்கும் ஒருவருக்கு, கீழே ஒரு முகம் தன்னோடு சேர்ந்து பாடிக்கொண்டிருப்பதைக் காண்பது எத்தனை பெரிய தைரியம்!

இன்னும் ஒரு படி இறங்கினால் ஆர்கெஸ்ட்ராவின் குழி. ஓபோ வாசிப்பவர் கொடுக்கும் 'ஏ' ஸ்வரத்துக்குத்தான் மற்ற எல்லாரும் சுருதி சேர்க்கிறார்கள். நாகஸ்வரத்துக்குப் போலவே ஓபோவுக்கும் உயிர் சீவாளியில்தான் இருக்கிறது. நம் வித்வான்கள் மாற்றுச் சீவாளிகளை வாத்தியத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஓபோக்காரர்கள் பெட்டி நிறைய வைத்திருப்பார்கள். தெற்குப் பிரான்சில் விளையும் நாணலை வாங்கி, தாங்களே பிளந்து, கத்தியால் சீவி, நூல் சுற்றிக் கட்டுகிறார்கள். வாசிக்கும் நேரத்துக்குக் குறையாமல் சீவுவதிலும் போகிறது வாழ்க்கை. சில சீவாளிகள் ஒரு கச்சேரியோடு சரி.

டிராம்போன்காரர்களுக்கு வேறு மாதிரி சோதனை. மோசார்ட்டின் 'டான் ஜொவான்னி'யில் அவர்களுக்கு வேலை இடுகாட்டுக் காட்சியிலும் கடைசி விருந்திலும்தான். அதுவரை காத்திருந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், சூடாறாத உதட்டோடு சரியான இடத்தில் நுழைய வேண்டும். கச்சேரி மேடையிலும் இதே கதைதான்: த்வோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்ஃபனியில் ஜால்ராவுக்கு முழுச் சிம்ஃபனியிலும் ஒரே ஒரு தட்டுதான். அந்த ஒன்றைத் தவறவிட்டால் சமாளிக்க இரண்டாவது கிடையாது.

அந்தக் குழிக்குள் இடம் பிடிப்பது இருக்கிறதே, அதற்கே தனிக் கதை எழுதலாம். ஒரு நாற்காலிக்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள். தேர்வு நாளில் வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் நடுவே திரை. பெயர் கிடையாது, எண் மட்டும். காலடி ஓசையில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளம் விரிப்பார்கள். பேசவும் கூடாது, சந்தேகம் இருந்தால் கூட இருக்கும் அலுவலர் வழியாகத்தான் கேட்க வேண்டும். வயலின் என்றால் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டான் ஹுவான்' முதல் பக்கம் கிட்டத்தட்ட நிச்சயம். பத்து வருட உழைப்பு சில நிமிடங்களில் தீர்ப்பாகிவிடும். அமெரிக்காவின் ஐந்து பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் 1970இல் பெண்கள் ஐந்து சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். 1990களின் நடுவில் அது கால்வாசியை எட்டியது. இதில் திரைக்கும் பங்குண்டு என்று பொருளாதார அறிஞர்கள் கிளாடியா கோல்டினும் சிசிலியா ரௌஸும் 2000இல் ஆய்வுக்கட்டுரையே எழுதினார்கள். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோ 1997இல்தான் முதல் பெண் உறுப்பினராக ஹார்ப் கலைஞர் ஆனா லெல்கெஸைச் சேர்த்துக்கொண்டது. எனக்கு அந்தத் துணித் திரைமேல் பெரிய மரியாதை.

மேடை இயந்திரங்களைச் சொல்லாமல் விடலாமா? மெட்டில் முன்மேடைக்கு இடம், வலம், பின்புறம் என்று மூன்று பக்கமும் மேடைகள். முழு அரண்மனையையே உருட்டிக் கொண்டுவரலாம். சனிக்கிழமைகளில் மதியம் ஒரு ஓபரா, இரவு வேறு ஓபரா! ஆனால் இயந்திரமும் சமயத்தில் முரண்டு பிடிக்கும். 1966 செப்டம்பரில் இந்தப் புதிய அரங்கைத் திறக்கத் தயாரானபோது சுழல்மேடை பாரம் தாங்காமல் நின்றுபோனது. ஒத்திகையில் நாயகி லியோன்டைன் பிரைஸ் மேடையில் அமைத்திருந்த பிரமிடுக்குள் மாட்டிக்கொண்டார். 2010இல் வாக்னரின் 'ரிங்' வரிசைக்காக 45 டன் எடையில் ஒரு பிரம்மாண்ட மேடையமைப்பு செய்தார்கள், அதைத் தாங்க மேடையின் அடிப்பாகத்தையே பலப்படுத்தினார்கள். தொடக்க இரவில் கடைசிக் காட்சியில் அது அசைய மறுத்தது. தேவர்கள் வானவில் பாலத்தில் ஏறிப் போக முடியவில்லை. ஆனாலும் இசை கடைசி ஸ்வரம்வரை போய்ச் சேர்ந்தது.

பெரிய மேடைகளில் வெளியிலிருந்து வந்து பாடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பாடும் இரவுக்குத்தான் சம்பளம். நாலைந்து வருடத்துக்கு முன்பே தேதி எழுதிவிடுவார்கள், ஆனால் அந்த நாளில் சளி பிடித்தால் கையில் காசில்லை. 2020 மார்ச் 12இல் மெட் கதவு மூடியபோது எல்லாருக்குமே அந்த நிலை வந்தது. ஏப்ரலிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆர்கெஸ்ட்ராவுக்கும் கோரஸுக்கும் சம்பளமே இல்லை. சிலர் ஊரை விட்டுப் போனார்கள், சிலர் ஓய்வு பெற்றார்கள். 2021 செப்டம்பர் 27இல் டெரன்ஸ் பிளாஞ்சர்டின் படைப்போடு ஓபராக் காட்சிகள் மறுபடி தொடங்கின. மெட் மேடையேறிய முதல் கறுப்பின இசையமைப்பாளர் அவர். அத்தனை நாள் வருமானமில்லாமல் தொண்டையையும் விரலையும் காப்பாற்றி வைத்திருந்து, அன்று வந்து பாடியவர்களையும் வாசித்தவர்களையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நியூயார்க் போகாமலே இதையெல்லாம் பார்க்க ஒரு வழி உண்டு. 2006 டிசம்பர் 30 முதல் மெட் தன் சனிக்கிழமை மதியக் காட்சிகள் சிலவற்றைத் திரையரங்குகளுக்கு நேரலையில் அனுப்புகிறது. இடைவேளையில் கேமரா நேரே மேடைக்குப் பின்னால் போய்விடும். பாப்கார்ன் வாங்க மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்! 1981 முதல் ஓடிக்கொண்டிருக்கும், இயக்குநர் செஃபிரெல்லியின் 'லா போஹேம்' என்றால் இன்னும் நல்லது. இரண்டாம் அங்கத்துக்கு ஒரு முழுப் பாரீஸ் தெருவே வந்து நிற்கும், அதில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள், ஒரு குதிரை, பொம்மை வண்டி இழுக்க ஒரு கழுதை. கழுதைக்கு யார் கவர் என்று கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்!