கையூன்றாமல் எழுந்திருக்க: பணி ஓய்வுக்குப் பின் ஒரு நாள்

என் பெரியப்பா 36 ஆண்டு அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். தரையில் பாய் விரித்துப் பந்தி. பாயசம் வரை ரசித்துச் சாப்பிட்டார். இலையை மூடிவிட்டு எழப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம். கை கழுவும் இடம் வரை அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் மருத்துவரிடம் போனோம். மூட்டில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. “தொடைத் தசை இளைத்துப் போயிருக்கிறது. ஒரு வருஷமாக அதற்கு வேலையே கொடுக்கவில்லையே” என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. வேலைக்குப் போன காலத்தில் பெரியப்பா தனியாக உடற்பயிற்சி என்று எதுவும் செய்ததில்லை. ஆனால் காலையில் பேருந்து நிறுத்தத்துக்கு முக்கால் கிலோமீட்டர் நடந்தார், மாலையில் அதே தூரம் திரும்பி நடந்தார். அலுவலகம் இரண்டாவது மாடியில். கோப்பு தேட, டீ குடிக்க என்று நாளுக்கு நாலைந்து தடவை படியேறி இறங்கினார். சம்பளத்தோடு சேர்த்து அந்த நடையையும் வேலைதான் கொடுத்துக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற அன்று இரண்டும் ஒன்றாக நின்றன. சம்பளத்துக்குப் பதில் ஓய்வூதியம் வந்தது. நடைக்குப் பதில் எதுவும் வரவில்லை.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. அறுபதுக்குப் பிறகும் நீண்ட காலம் வாழ வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தைப் பிறர் கையைப் பிடிக்காமல் கழிக்க வீட்டு வேலை, உடற்பயிற்சி, சாப்பாடு மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும்.

முதலில் ஒரு சோதனை

கைப்பிடி இல்லாத, சுமார் 17 அங்குல உயரமுள்ள நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தோடு நிற்கட்டும். 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். முதியோர் கீழே விழும் அபாயத்தைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் சோதனை இது. 60 முதல் 64 வயது ஆண்களுக்கு 14-க்கும், பெண்களுக்கு 12-க்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழே. 65 முதல் 69 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. கையூன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாவிட்டால் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ முதலில் பாருங்கள்.

பெரியப்பாவுக்கு 7 வந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அந்த எண்ணை எழுதி, கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தார்.

நடை மட்டும் போதாது

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும். நாளுக்கு அரை மணி என்று ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரியாகிவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

பலரும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே வழிகாட்டுதல் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், 65 கடந்தவர்களுக்கு மூன்று நாள் நிலைதடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. இதற்கு ஜிம் தேவையில்லை. நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது ஆகியவை தசைக்கு. சுவரோரம் ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பதும், ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடப்பதும் நிலைத்து நிற்க.

நடக்க இடம் தேடுபவர்களுக்கு, தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் இருக்கிறது. முதல் நாளே எட்டையும் நடக்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் தொடங்கலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், சட்டைப்பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நின்றுவிட்டு உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் செய்ய எத்தனையோ

முதல் வேலை குளியலறை. வழுக்காத மிதியடி, கழிப்பறைப் பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. கம்பியைச் சுவரில் துளையிட்டு போல்ட் போட்டு முறுக்க வேண்டும். துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. கூடத்தில் சுருண்டு கிடக்கும் மிதியடிகளையும் குறுக்கே ஓடும் ஒயர்களையும் அன்றே எடுத்துவிடுங்கள்.

அடுத்து மாடித்தோட்டம். இடமில்லாதவர்களுக்குப் பால்கனியில் நாலு பை போதும். செம்மண், ஊறவைத்து உதிர்த்த தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து பையின் முக்கால் பங்கு நிரப்புங்கள். பையை வைக்கப்போகும் இடத்திலேயே நிரப்புவது முக்கியம், ஈரம் ஏறிய பையைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். செங்கல் மேல் வைத்தால் அடியில் தண்ணீர் தேங்காது, தளமும் கெடாது. முதலில் சிறுகீரை விதையைத் தூவுங்கள். 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு மாதத்தில் கைக்கு வரும் விளைச்சலைப் போல ஊக்கம் வேறில்லை. முக்காலியில் உட்கார்ந்து களை பிடுங்கி, எழுந்து, அடுத்த பைக்கு நகர்ந்து மறுபடி உட்காரும்போது நாற்காலிப் பயிற்சியும் தானாக நடந்துவிடுகிறது.

ஏணி மேல் ஏறும் வேலைகளை மட்டும் விட்டுவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கும் மின்விசிறி துடைப்பதற்கும் ஆள் வைத்துக்கொள்வதில் குறைவு எதுவும் இல்லை. அறுபதில் இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடை திரும்ப மாதக்கணக்காகும்.

ஓய்வு பெற்ற ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் மனைவிக்கு ஓய்வு வயது என்று ஒன்று வருவதே இல்லை. நீங்கள் வீட்டில் இருக்கத் தொடங்கியதும் அவருக்கு இரண்டு காபியும் ஒரு மதியச் சாப்பாடும் கூடியிருக்கின்றன. கீரை ஆய்வது, காய் நறுக்குவது, மாலைச் சுண்டல் ஆகியவற்றை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல வீட்டு வேலை கிடையாது.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

பயிற்சி தசையைக் கேட்கும், சாப்பாடுதான் கொடுக்க வேண்டும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடைக்குச் சுமார் 50 கிராம். காலையில் இட்லியும் சட்னியும், மதியம் ரசம் சாதமும் அப்பளமும், இரவு மறுபடி இட்லி என்றால் இந்த அளவை எட்டுவது கடினம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 12 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் வரை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

தட்டில் பாதி காய், கீரை. கால்பங்கு சோறு. மீதிக் கால்பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன். இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு சொன்னது. சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டும் இந்தத் தட்டு எல்லாருக்கும் ஏற்றது. உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், வற்றல், கருவாடு, மிக்சர் எல்லாம் அதற்குள் அடக்கம். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும். அதனால் தாகத்துக்குக் காத்திருக்காமல், காலையில் இரண்டு பாட்டில் நிரப்பி வைத்து மாலைக்குள் காலி செய்யுங்கள். சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

மாதம் ஒருமுறை எண்ணுங்கள்

இத்தனையையும் ஒரே நாளில் தொடங்கினால் பத்தாம் நாள் நின்றுவிடும். முதல் வாரம் நடை. இரண்டாம் வாரம் நாற்காலி. மூன்றாம் வாரம் மாலைப் பலகாரத்துக்குப் பதில் சுண்டல். நான்காம் வாரம் கீரைப் பை. நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். அலுவலகத்துக்கு ஒன்பதரை மணி என்றிருந்தது போல நடைக்கு ஆறு மணி என்றிருந்தால் மனம் பேரம் பேசாது.

பெரியப்பா மாதம் ஒரு ஞாயிறு காலையில் பெரியம்மாவைக் கடிகாரம் பார்க்கச் சொல்லி எண்ணினார். கண்ணாடிக்குப் பின்னால் தாள்கள் சேர்ந்தன. 7, 9, 9, 11, 13. இரண்டாவது 9 வந்த மாதம் காய்ச்சல். அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்.

தை மாதம் ஒரு காதுகுத்துக்குப் போனோம். அங்கும் தரையில்தான் பந்தி. நாற்காலி கொண்டுவரப் போன பையனை வேண்டாம் என்று தடுத்துவிட்டு எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்து இலையை மூடினார். நான் கை நீட்டுவதற்குள் ஒரு முட்டியை மடக்கி எழுந்து நின்றுவிட்டார். பிறகு குனிந்து, பக்கத்தில் இருந்த பெரியம்மாவுக்குக் கை கொடுத்தார்.