பிழை மரபணுவில், பழி தாய் மீது

சந்தாபுராவில் ஓசூர் சாலை பஸ்ஸில் ஏறினால், மடிவாளா தாண்டி பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இறங்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் இவ்வழியே வருகின்றன. தலை சிறுத்துப் பிறந்த குழந்தையை மடியில் ஏந்திவரும் தாயை உறுத்தும் கேள்வி: “கிரகணத்தன்று வெளியே போனதாலா?”

இல்லை. ருபெல்லா போன்ற தொற்றுகளும் தலையைச் சிறுக்க வைக்கும் என்றாலும், பல குடும்பங்களில் காரணம் மரபணுப் பிழை.

கரு உருவான நான்கு வாரங்களுக்குள் நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. அதன் உட்சுவரில் உள்ள மூலச் செல்கள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகுகின்றன. அவற்றிலிருந்து பிறக்கும் நரம்புச் செல்கள் வெளிப்புறமாக நகர்ந்து, அடுக்கடுக்காக அமர்ந்து, பெருமூளையின் மேலுறை ஆகின்றன. பெருகுவதில் பிழை என்றால் மூளை சிறுத்துவிடும், இது மைக்ரோசெபாலி. நகர்வதில் பிழை என்றால் மடிப்புகள் உருவாகாமல் மூளை வழவழவென்று ஆகிவிடும்; இது லிஸென்செபாலி. இரண்டாவதற்குக் காரணமான ‘லிஸ்1’ மரபணு 1993இல் கண்டறியப்பட்டது.

மைக்ரோசெபாலிக்குக் காரணமான மரபணுக்களில் முக்கியமான ‘ஏ.எஸ்.பி.எம்.’ 2002இல் தெரியவந்தது. 2009இல் பெங்களூரின் பங்கு. இந்திய அறிவியல் கழகத்தின் அருண் குமார், நிம்ஹான்ஸின் சதீஷ் கிரிமாஜி உள்ளிட்டோர் இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து, ‘ஸ்டில்’ என்ற மரபணுவின் பிழையும் இதற்குக் காரணம் என்று காட்டினார்கள். செல் சரியாகப் பிரிய உதவுவது இந்த மரபணுவின் வேலை.

இந்த வகையில் பெற்றோர் இருவரும் ஆரோக்கியமானவர்களே. ஒவ்வொருவரிடமும் ஒரு பழுதான பிரதி மறைந்திருக்கும். இரண்டும் ஒரே குழந்தையிடம் சேரும் வாய்ப்பு, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று. தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள் மணமுடிக்கும்போது இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் சாத்தியம் கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதம் பெண்கள் உறவில் மணமுடித்தவர்கள். அவர்களில் பெரும்பாலோரின் குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதும் உண்மை.

சிறுத்த மூளையை வளர்க்க மருந்தில்லை. பயிற்சியால் குழந்தையின் திறன்களை மேம்படுத்தலாம். குடும்பத்தில் உள்ள பிழை எது என்று தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தின் 11ஆவது வாரம் முதலே நஞ்சுக்கொடித் திசுவைச் சோதிக்கலாம். அந்தச் சோதனைக்கு முன்பே வீட்டார் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பழுதான பிரதிகளில் ஒன்று தந்தையிடமிருந்து வந்தது. தாயை மட்டும் கூண்டில் ஏற்ற நியாயமே இல்லை.