முதல்ல, தூங்கினியா?

என் மனைவி இங்கே அமெரிக்காவில் ரெசிடென்சி இரண்டாம் ஆண்டு. நான் ஐ.டி. இன்ஜினியர். எங்க சர்வரில் லோடு கூடினால் அலாரம் அடிக்கும். மனுஷங்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

போன மாதம் நைட் டியூட்டி முடித்து வரும்போது, சிக்னலில் காரை நிறுத்தியவள் அப்படியே கண்ணசந்துவிட்டாள். பின்னால் நின்றவர் ஹாரன் அடித்துத்தான் விழித்தாளாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் கை நடுங்கியது.

1984-ல் நியூயார்க்கில் லிபி ஸயன் என்ற 18 வயதுப் பெண் இறந்த பிறகுதான் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரம் பெரிய விவாதமானது. 2003 முதல் நாடு முழுக்க வாரத்துக்கு 80 மணி நேரம் உச்சவரம்பு. அதுவும் நான்கு வார சராசரி. ஒரு வாரம் 90 ஆனாலும் கணக்கு சரியாகிவிடும். களைத்துப்போனவர்கள் பத்திரமாக வீடு திரும்ப நிர்வாகமே வழிசெய்யணும் என்றும் விதி இருக்கு. "கேட்டா வீக்குன்னு நினைப்பாங்க" என்று இவள் கேட்கவே இல்லை.

இப்போ நைட் டியூட்டி முடிகிற காலைகளில் நான்தான் டிரைவர். முதல் மீட்டிங் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில், போனிலேயே முடிந்துவிடும்.

ஊரிலிருந்து பேசுறவங்க "அடுத்து என்ன ஸ்பெஷாலிட்டி? குழந்தை எப்போ?" என்கிறார்கள். உங்க வீட்டிலும் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால், அதெல்லாம் அப்புறம். முதலில் "தூங்கினியா?" என்று கேளுங்க. பதில் வரும்வரை போனை வைக்காதீங்க.