விசா மெடிக்கல் பாஸ்... அதோடு முடிந்ததா? கனடா செல்பவர்கள் கவனிக்க வேண்டிய பரிசோதனைகள்!

கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிப்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். மார்பு எக்ஸ்ரே, சிஃபிலிஸ், ஹெச்.ஐ.வி எனப் பட்டியல் நீளும். விசா கிடைத்துவிட்டால், 'உடம்பில் ஒரு குறையும் இல்லை' என்று பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

ஆனால், அந்தப் பரிசோதனையின் முக்கிய நோக்கமே வேறு. வருபவரால் அந்த நாட்டு மக்களின் ஆரோக்கியத்துக்கோ, மருத்துவச் செலவுக்கோ பாதிப்பு வருமா என்றுதான் அதில் பார்ப்பார்கள். வந்தவரின் உடம்புக்கு என்ன தேவை என்று பார்ப்பது, அங்குள்ள குடும்ப டாக்டரின் வேலை.

கனடாவில் பிறந்தவருக்கான பட்டியலையே வெளியிலிருந்து வந்தவருக்கும் பயன்படுத்தினால், சில நோய்கள் கண்ணில் படாமலே போய்விடும். அதனால்தான் டாக்டர் கெவின் பாட்டி உள்ளிட்ட மருத்துவர் குழு, குடியேறியவர்களுக்கும் அகதிகளுக்குமான தனி வழிகாட்டுதல்களை 2011-ல் கனடா மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டது. 'எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள்?' என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி.

ஹெபடைடிஸ் பி

விசா மெடிக்கலின் வழக்கமான பட்டியலில் இது இல்லை. அறிகுறியே காட்டாமல் பல ஆண்டுகள் உடம்பில் இருந்து, பிறகு கல்லீரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் விடலாம். 100 பேரில் 2 பேருக்காவது இந்தத் தொற்று நீடிக்கும் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனை அவசியம் என்கிறது வழிகாட்டுதல். தொற்று இல்லை, எதிர்ப்பு சக்தியும் இல்லை என்றால் தடுப்பூசி போடுவார்கள்.

சர்க்கரை நோய்

கனடாவில் பொதுவாக 40 வயதில் தொடங்கும் பரிசோதனையை, தெற்காசியர்களுக்கு 35 வயதுக்கு மேலேயே செய்யச் சொல்கிறார்கள்.

உள்ளே ஒளிந்திருக்கும் புழு

'ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்' என்ற குடல் புழு, வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோல் வழியே நுழைகிறது. பல பத்தாண்டுகள்கூட உடம்பில் சத்தமில்லாமல் தங்கிவிடும். வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும்போது பெருகி, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால், தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வரும் அகதிகளுக்கு இதற்கான ரத்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறார்கள். கண்டுபிடித்துவிட்டால் மாத்திரையிலேயே குணப்படுத்தலாம்.

கேட்கக் கூடாத கேள்வி

போரையும் வன்முறையையும் கடந்து வந்தவர்களிடம், 'அங்கே என்ன நடந்தது?' என்று எல்லோரையும் துருவிக் கேட்கக் கூடாது என்கிறது வழிகாட்டுதல். நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவரை வற்புறுத்திப் பேசவைத்தால், நன்மையைவிடக் கெடுதலே அதிகமாகலாம். தூக்கமின்மை, காரணம் தெரியாத உடல்வலி போன்றவை தென்பட்டால் மட்டும் மெல்ல விசாரிக்கலாம்.

என்ன செய்யலாம்?

- முதல் சந்திப்பிலேயே பிறந்த நாடு, வாழ்ந்த நாடுகள், குடும்பத்தில் உள்ள நோய்கள், போட்ட தடுப்பூசிகள் ஆகியவற்றை டாக்டரிடம் சொல்லுங்கள்.

- ஸ்டீராய்டு மருந்து எழுதித் தந்தால், முன்பு எங்கே வாழ்ந்தீர்கள் என்பதை நினைவூட்டுங்கள்.

- மொழி தெரியாத பெற்றோருக்கு வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காமல், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். பேரன் முன்னால் பாட்டி மாதவிடாய்ப் பிரச்னையைச் சொல்ல மாட்டார். டாக்டருக்கும் அது தெரியாமலே போய்விடும்.